கைப்பிடியில் ஒரு ஓட்டை

என் மகள் ரயேன் வீடு திரும்புவதா வேண்டாமா என்பதை ஒரு தரைவிரிப்பு தீர்மானித்துக்கொண்டிருந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்து, உதடு நீலம் பாரித்து, காஸ்த்ரோ டவுன் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்ல தரைவிரிப்பு இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

இருக்கிறது. எங்கள் ஊர் கெய்யோனில், எங்கள் தெருவில் விரிப்பு இல்லாத வீடு கிடையாது. எல்லாம் பலகை வீடுகள். தரைப் பலகை இடுக்குகள் வழியாகக் கடல்காற்று சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்காரும். விரிப்பைப் பிய்த்தெறிந்தால் பிள்ளைக்குக் குளிர், விட்டுவைத்தால் தூசி. நான் என்ன செய்வேன்?

"அப்ப துடைப்பத்தைத் தொடாதீங்க. அது தூசியைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். நல்ல வேக்குவம் கிளீனர் ஒண்ணு வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க. அப்படிப் பார்த்துக்க முடியும்னா பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் நர்ஸ்.

"யாரு போடுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என் மனைவி ஸுலேமாவின் அக்கா க்ளோரிந்தா. காஸ்த்ரோவிலேயே, ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி வீடு. "ஸுலேமா விடிஞ்சா மீன் பேக்டரிக்குப் போயிடுவா. வந்தா நிக்கக்கூட தெம்பிருக்காது. தம்பி, உங்களைப் பத்தி நான் சொல்லி நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஒரு கெட்டிலைத் தூக்கி ஊத்த முடியுதா உங்களால?"

முடியாது. அதுதான் விஷயம். பதினெட்டு வருஷம் கடலடியில் மூழ்கி, முள்ளுப்பந்து மாதிரி இருக்கும் கடல்முள்ளெலி பொறுக்கிய தோள்கள் இவை. மேலே படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து மஞ்சள் குழாய் ஒன்று தண்ணீருக்குள் இறங்கி வந்து என் வாயில் முடியும். அந்தக் குழாயில் வருவதுதான் உயிர். ஒரு நாள் எங்கோ பாறையில் உரசிக் குழாய் கிழிந்தது. கிழிசலில் காற்று சீறும் சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம் வாய்க்குள் உப்புத் தண்ணீர். அடியிலிருந்து ஒரே மூச்சில் மேலே பாய்ந்தேன். அப்படிப் பாயக்கூடாது, பாய்ந்தால் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டி எலும்பை அழிக்கும் என்று எந்த முக்குளிப்பவனுக்கும் தெரியும். பாயாமல் இருந்தால் செத்திருப்பேன் என்பதும் தெரியும். ஒரு வருஷம் கழித்து டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, தோள் எலும்பின் முனை செத்துவிட்டது என்றார். வலது தோள் முழுசாக, இடது பாதி. அன்று முதல் என் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. எதையாவது தூக்கினால் தோளுக்குள் கண்ணாடித்தூளைப் போட்டு அரைத்த மாதிரி இருக்கும்.

"நான் போடுவேன்" என்றேன்.

க்ளோரிந்தா என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஒரு மாசம். போட்டுக் காட்டுங்க. நான் வந்து கண்ணால பார்த்தப்புறம் பேசலாம். அதுவரைக்கும் பிள்ளை என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். எனக்கு அவளைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே ரயேனுக்குக் காவல் இருந்தவள் அவள்தான். சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு இருபது வயசுகூட இருக்காது.

"அண்ணிக்கு வாங்குறீங்களாண்ணே?"

"எனக்கு."

வலது கையை இடது கையால் தூக்கிக் கல்லாமேசைமேல் வைத்தேன். அதை அவள் கவனித்துவிட்டாள். நல்ல பெண். கம்பு மாதிரி ஒல்லியாக ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது பாருங்க, வயர் கிடையாது. தூக்கிப் பாருங்க, கனமே தெரியாது."

பிடித்தேன். முதலில் தெரியவில்லைதான். ஆனால் மோட்டார், தூசி டப்பா எல்லாம் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை கனமும் மணிக்கட்டில் இறங்கியது. விரலால் விசையை அழுத்திக்கொண்டே வேறு இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். கடையின் ஓரத்திலிருந்து அடுத்த ஓரம் போவதற்குள் என் கை கிழவன் கை மாதிரி ஆடியது.

"வேண்டாம்மா. கனத்தைத் தரை சுமக்கிற மாதிரி ஏதாவது காட்டு."

சக்கரத்தில் உருளும் பானை மாதிரி மூன்றைக் காட்டினாள். மோட்டார் தரையில், கையில் வெறும் குழாயும் கம்பியும்தான். காலால் மிதித்தால் ஓடும், மிதித்தால் நிற்கும். இதுவரைக்கும் என் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒத்துக்கொள்ள வேண்டும்.

"இதுல எது ரொம்ப பவர்?" என்று கேட்டேன். அங்கேதான் கெட்டுப்போனேன்.

"நடுவுல இருக்கிறதே தாராளம்ணே. பெரிசு கொஞ்சம் முரடு..."

"பெரிசு எடு."

முக்குளித்தவனிடம் போய்ச் சின்ன மோட்டார் போதும் என்று சொல்லலாமா? சின்ன கம்ப்ரசரோடு கடலில் இறங்கிய இரண்டு பேரை நான் தூக்கிப் புதைத்திருக்கிறேன். கடையின் வழவழப்பான டைல்ஸில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் பிளக்கைச் செருகிக் காலால் மிதித்ததும் மெஷின் உறுமியது. உறுமலுக்கு மேலே இன்னொரு சத்தம். ஸ்ஸ்ஸ்.

 அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே விரல் நுழையும் அளவு ஒரு ஓட்டை. அதை மூட ஒரு குட்டி மூடி, பாதி திறந்து கிடந்தது. அது வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. புது மெஷினிலேயே ஓட்டை! திருட்டுப்பயல்கள். மூடியைத் தள்ளி மூடி, கொட்டகையிலிருந்து கறுப்பு ரப்பர் டேப்பைக் கொண்டுவந்து, பல்லால் கடித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். குழாயில் ஓட்டையைக் கண்டால் முக்குளிப்பவன் கை வேறு எதையும் செய்யாது. சத்தம் நின்றது. எனக்கும் நெஞ்சு அடங்கியது.

பிறகு விரிப்பில் வைத்தேன். ஐயோ! பாறையைக் கவ்விய சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டது. தள்ளினால் விரிப்பு சுருண்டு எழுந்தது, இழுத்தால் மெஷினே என் காலில் வந்து முட்டியது. கைக்கெட்டிய தூரம் சுத்தம் பண்ணுவதற்குள் தோளில் தீப்பிடித்தது. சோபாவில் உட்கார்ந்து கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அந்தச் சனியனை முறைத்தேன். அதுவும் முறைத்தது.

மாலையில் ஸுலேமா வேலையிலிருந்து வந்தாள். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் சால்மன் மீன் கீறி விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. வந்ததும் கம்பியைப் பிடுங்கி ஒரு இழுப்பு இழுத்தாள்.

"யோவ், இது மெஷினா, இல்ல உங்கம்மாவா? இழுத்தா வரவே மாட்டேங்குது!"

"வை கீழே."

"நான் போடறேன், நீ போய் அடுப்பைப் பாரு."

"கீழே வைன்னு சொன்னேன்! உங்க அக்கா கேட்டது என்னை. நீ போட்டா அது நான் போட்டதாகுமா?"

"பிள்ளை வந்தா போதாதா உனக்கு? வீராப்பு முக்கியமா?"

"நீயும் ஒரு மாசம் போடுவே. அப்புறம்? உன் கையைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு. இதோட ராத்திரி ஷிப்ட் வந்தா? நீ படுத்துட்டா மறுபடியும் தூசிதான், மறுபடியும் ஆஸ்பத்திரிதான். நான் வீட்லயே கிடக்கிறவன்டி. என்னால முடிஞ்சாத்தான் அவ இங்க இருக்க முடியும்."

அவள் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

அந்த வாரக் கடைசியில் நிபால்தோ மாத்தே டீ குடிக்க வந்தான். என் படகில் பல வருஷம் எனக்குக் குழாய் பிடித்தவன் அவன், ரயேனுக்கு ஞானத்தகப்பன். குழாய் பிடிப்பவன் மேலே நின்று குழாயை விட்டுக்கொடுப்பான், இழுத்துக்கொள்வான். கீழே இருப்பவனோடு பேச வாய் கிடையாது, குழாய்தான். ஒரு இழுப்பு இழுத்தால், நல்லா இருக்கியா? அதே மாதிரி ஒரு இழுப்பு திரும்பி வந்தால், நல்லா இருக்கேன். மூன்று இழுப்பு, மேலே வா. குழாய் கிழிந்த அன்று நுரையோடு மிதந்த என்னைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியவனும் அவன்தான்.

கதவில் சாய்ந்து நின்று நான் மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்த்தான்.

"மச்சான், ஆக்டோபஸ் பிடிக்கிறியா?"

"வாயை மூடு."

"இல்ல, யாரு யாரைப் பிடிச்சிருக்காங்கன்னு தெரியலை, அதான் கேட்டேன்." மாத்தேயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "ஏன்டா கையால இழுக்கிற? தண்ணிக்குள்ள குழாயைக் கையாலயா இழுத்துட்டுப் போவே?"

கிண்டலாகத்தான் கேட்டான். எனக்கு மண்டையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. கடலடியில் குழாயை எவனும் கையால் இழுப்பதில்லை. வாயாலும் இழுப்பதில்லை. இடுப்பு பெல்ட்டில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். நாம் நடந்தால் குழாய் இடுப்போடு வரும், கை சும்மா இருக்கும்.

கொட்டகைக்குப் போய் ஆணியில் தொங்கிய என் பழைய பெல்ட்டை எடுத்தேன். தண்ணீருக்குள் அமிழ்வதற்காக அதில் கோக்கும் ஈயக் கட்டிகளை எப்போதோ விற்றாகிவிட்டது, வெறும் ரப்பர் பட்டைதான். இடுப்பில் மாட்டினேன். மெஷின் குழாயைச் சுருக்குப் போட்டு அதில் கட்டினேன். நிபால்தோ சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

காலால் மிதித்தேன். நடந்தேன். மெஷின் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வந்தது. கம்பியைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து, முழங்கையை விலாவில் சேர்த்துக்கொண்டு, கையை அசைக்காமல் காலை அசைத்தேன். முன்னால் இரண்டு அடி, பின்னால் இரண்டு அடி. தள்ளியது என் உடம்பு, கை வழிகாட்டியதோடு சரி.

"அடப்பாவி. ஜோடி போட்டு டான்ஸ் ஆடற மாதிரி இருக்குடா" என்றான் நிபால்தோ.

"ஆடுறேன், போடா."

ஆனாலும் முழு வெற்றி இல்லை. கம்பி முனையில் தூசியை உறிஞ்சும் தலை விரிப்பைக் கவ்விக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுக்க முக்க வேண்டியிருந்தது, அந்த முக்கல் கடைசியில் தோளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நடு அறை முடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ரயேன் படுக்கும் அறை மறுநாளைக்கு. மறுநாள் கை எழும்பாது. அப்படியே மாசம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை க்ளோரிந்தா வந்தாள், ரயேனோடு. ஸுலேமா காலையிலிருந்து உருளைக்கிழங்கு துருவி மில்காவ் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். நிபால்தோ வாசனை பிடித்து வந்துவிட்டான். ரயேன் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குனிந்து அவள் முதுகில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய விசில் இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் எல்லாமே விசிலாகத்தான் கேட்கிறது.

க்ளோரிந்தா கோட்டைக்கூட கழற்றவில்லை. "ரயேனும் நிபால்தோவும் வாசல்லயே இருக்கட்டும். எங்க, போடுங்க தம்பி. பார்க்கலாம்."

"மதினி, ஒரு வாய் மாத்தே குடிச்சிட்டு..."

"முதல்ல போடுங்க."

பெல்ட்டை மாட்டினேன். அவள் புருவம் ஏறியது. நடு அறையில் ஆரம்பித்தேன். அடி எடுத்து வைத்தேன், பின்னால் வந்தேன். வேர்த்துக் கொட்டியது. சோபா ஓரத்தில் தலை ஒரேயடியாகக் கவ்விக்கொண்டது. விடுவிக்க இழுத்தேன், தோளில் ஏதோ சுருக்கென்றது, கை தானாகவே கம்பியை விட்டுவிட்டது. கம்பி தடாலென்று விழுந்தது. மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஸுலேமா அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள்.

எடுக்கக் குனிந்தேன். விரல்கள் மூட மறுத்தன. இவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். என் பிள்ளை இந்தத் தடவையும் அந்தப் பெண்பிள்ளையோடு வண்டி ஏறிப் போகப்போகிறாள்.

க்ளோரிந்தா வந்து கம்பியை எடுத்தாள். தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. "என்ன எழவு இது? எங்க வீட்டு மெஷின் இப்படி இல்லையே" என்றாள். கைப்பிடியைத் திருப்பினாள். "இது என்ன கட்டு? இதுக்கும் அடிபட்டுச்சா?"

"அது ஓட்டை. அடைச்சிருக்கேன்."

"ஓட்டையா?" நகத்தால் டேப்பைக் கிளப்ப ஆரம்பித்தாள்.

"வேண்டாம்! பிரிக்காதீங்க!"

நான் போட்ட கத்தலில் வாசலிலிருந்து நிபால்தோ உள்ளே ஓடிவந்தான். டேப் பிய்ந்தது. மூடியைத் தள்ளித் திறந்தாள். ஸ்ஸ்ஸ். என் வாய்க்குள் உப்புத் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது, சத்தியம். நின்ற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிபால்தோவின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. அவனும் அந்தச் சத்தத்தை மறந்திருக்கவில்லை.

"மூச்சு விடு மச்சான். வீட்லதான் இருக்கோம்" என்றான்.

க்ளோரிந்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள். "தம்பி, இது ஓட்டை இல்ல. வேணும்னேதான் வச்சிருக்கான். விரிப்புல போடும்போது இதைத் திறந்து விடணும். கொஞ்சம் காத்து இந்த வழியா போனாத்தான் அந்தத் தலை பிடியை விடும். தரைக்கு மூடிக்கணும், விரிப்புக்குத் திறந்துக்கணும். அவ்வளவுதான்."

"பவர் குறையாதா?"

"குறையும். குறையட்டுமே! நீங்க தூசியை எடுக்கப் போறீங்களா, பலகையோட பேத்தெடுக்கப் போறீங்களா?"

கம்பியை வாங்கினேன். இடது கையால்தான் வாங்க முடிந்தது. சத்தம் சீறிக்கொண்டே இருந்தது. அதோடு நடக்க எனக்குப் பிடிக்கவில்லை, ஒவ்வொரு மயிர்க்காலும் வேண்டாம் என்றது. ஒரு அடி வைத்தேன். தலை விரிப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்தேன், கூடவே வந்தது. இத்தனை நாள் நான் எதோடு சண்டை போட்டேன்? என் பயத்தோடு. ஒரு மாசமாக அதை டேப் சுற்றிக் கட்டிவைத்து, அதோடேயே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நடு அறை முடிந்தது. சோபாவுக்கு அடியில் போனேன். ரயேனின் அறைக்குள் போனேன், கட்டிலுக்கு அடியில், ஜன்னலுக்குக் கீழே. தோள் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் தாங்கும் வலி. வெளியே க்ளோரிந்தாவின் குரல் உறுமலுக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது.

"ஸுலேமா, வண்டியில அவ பெட்டி இருக்கு. எடுத்துட்டு வா."

"பெட்டியா? நீ பார்த்துட்டுத்தான் பேசணும்னு சொன்னியே?"

"சொன்னேன். இருந்தாலும் ஒரு நம்பிக்கையில எடுத்து வச்சேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன, பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிச்சு வைக்க? ராத்திரியெல்லாம் அவ மூச்சை எண்ணிட்டே படுத்துக் கிடந்தவ நான். அந்தப் பயம் உங்களுக்குப் புரியலைன்னா யாருக்குப் புரியும்?"

 திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் இன்னும் கொஞ்சம் தூசி இருந்தது.

அப்போது இடுப்பில் ஒரு இழுப்பு தெரிந்தது.

குழாய் எங்கேயோ கட்டில் காலில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இல்லை. மறுபடியும் ஒரே ஒரு இழுப்பு, அளவாக, நிதானமாக. என் உடம்பு அப்படியே நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி அதற்குத் தெரிந்திருந்தது. கையால் பதில் சொல்ல முடியவில்லை. இடுப்பை முன்னால் ஒரு தடவை தள்ளினேன், குழாய் ஒரு முறை விறைத்துத் தளர்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்று இழுப்பு.

காலால் மெஷினை மிதித்து நிறுத்தினேன். உறுமல் அடங்கியது, சீறல் அடங்கியது. அந்த அமைதியில் எனக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனது. விசில் இல்லை.

"அப்பா, மேல வாங்க. அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்றாள் ரயேன். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நிபால்தோ ஒன்றும் தெரியாதவன் மாதிரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மெதுவாகத் திரும்பினேன். இந்த முறை அவசரப்படாமல் மேலே வந்தேன்.